தங்கப்பழம் முகத்தில் ஒரு கோடு

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் வந்து தங்கப்பழம் எங்கே என்று கேட்டால் யாரும் ஆளைக் காட்டமாட்டார்கள். சத்தம் வருகிற திசையைக் காட்டுவார்கள். அவர் பூ கமிஷன் கடை வைத்திருக்கிறார். சுற்றுப்பட்டிக்காரர்கள் பறித்துக் கொண்டுவரும் பிச்சியும் மல்லியும் அவருடைய தராசில் ஏறி, அவருடைய வாயில் விலையாகி, வெளியூருக்குப் போகும். அவர் கடைக்கு நேர் எதிரே நான் வாழைநாரும் வாழையிலையும் விற்கிறேன். பெயர் கோமதிசங்கர். இத்தனை வருடமாக அவர் போட்ட சத்தத்தில் பாதியை வாங்கிக்கொண்டது என்னுடைய காதுதான். அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு.

அந்த மனிதருக்குப் புதுச் சாமான் என்றாலே ஆகாது. குடைக்குக் கம்பி மாற்றினார், துணி மாற்றினார், கைப்பிடியும் மாற்றினார். இன்றைக்கும் அதைத் தூக்கிக் காட்டி, கல்யாணத்துக்கு வாங்கின குடை என்பார். அவருடைய மொபெட்டில் கம்பெனி கொடுத்ததாக மிச்சம் இருப்பது நம்பர் பிளேட் ஒன்றுதான் என்று எனக்குச் சந்தேகம். இப்படிப்பட்டவருடைய போன் உடைந்தால் என்ன ஆகும்? என் நிம்மதிதான் போகும்.

உடைந்த கதையே கேவலம். கரிவலம்வந்தநல்லூர்க் கணேசன் ஒரு நாள் பிச்சிப்பூ மூட்டை கொண்டுவந்தான். பூவில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறார்கள் என்பது கமிஷன் கடைக்காரர்களுக்குத் தீராத சந்தேகம். அன்றைக்குத் தராசு, கணேசன் வீட்டில் போட்டு வந்த எடையைவிடக் கூடுதலாகக் காட்டியது. தங்கப்பழத்துக்கு வந்ததே கோபம். வழியில் எந்தக் குழாயில் நனைத்தாய் என்று கத்திக்கொண்டே, மூட்டையைத் தலைகீழாகத் தூக்கி சிமெண்டுத் தரையில் உதறினார். தண்ணீர் விழவில்லை. முதலில் அவருடைய போன்தான் விழுந்தது. அதற்கு மேல் பூ விழுந்தது. பூவை முகர்ந்து பார்க்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து போன் நழுவி மூட்டைக்குள் போயிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் தராசு எடை போட்டிருக்கிறது.

கணேசன் போனை எடுத்துத் துடைத்து மரியாதையாக நீட்டினான். "அண்ணாச்சி, தண்ணி எங்கனயும் இல்ல. இதுக்கும் சேத்துப் பிச்சி வெலையே போட்டுருங்க."

கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மேல் மூலையில் புறப்பட்ட கீறல், முன்பக்கக் கேமராவின் மேலேயே ஏறி, சாய்வாகக் கீழ்வரைக்கும் ஓடியது. அன்று மதியத்துக்குள் மார்க்கெட் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கண்ணாடியை மாற்றினால் போதும் என்பவர்கள் ஒரு பக்கம், தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்பவர்கள் ஒரு பக்கம். புதுசுக் கட்சிக்குத் தலைவர் நான். எனக்கு அவர்மேல் அக்கறை என்று நினைக்க வேண்டாம். அந்தப் போனின் ஸ்பீக்கர் கரகரப்பை இன்னும் எத்தனை காலம் கேட்பது என்கிற அலுப்புதான். தங்கப்பழம் இரண்டு கட்சியையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன் பேசுகிறது, கேட்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பேசத்தான் செய்தது. கூடவே கையையும் கிழித்தது. விலை சொல்லப் போனைத் தேய்க்கும்போதெல்லாம் கட்டைவிரலில் கண்ணாடித் துணுக்கு ஏறி ரத்தம் வரும். அதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் அவருடைய மனைவி ஆவுடைத்தாய் வைத்தியத்தில் இறங்கினார். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோயில் புற்றுமண் வீட்டு வைத்தியம். பூச்சிக் கடியோ சொறியோ சிரங்கோ, சாமி மாடத்தில் இருக்கிற மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரியைப் பற்றி யோசிப்போம். ஆவுடைத்தாய் புருஷனுடைய கட்டைவிரலில் பூசினார். ஆறியது. மறுபடியும் கிழித்தது. மறுபடியும் பூசினார். கடைசியில் அவருக்கு ஓர் உண்மை பிடிபட்டது. நோய் விரலில் இல்லை, போனில் இருக்கிறது. புருஷன் குளிக்கப் போன நேரம் பார்த்து, போனை மடியில் போட்டு, கீறல் நெடுகப் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசி, காயவைத்து, மேலே இருந்ததைத் துணியால் துடைத்துவிட்டார். கீறலுக்குள் போன மண் அங்கேயே தங்கிவிட்டது.

சொன்னால் வெட்கக்கேடு, அதன் பிறகு போன் கையைக் கிழிக்கவில்லை.

இவர்களுடைய ஒரே மகள் சுகிர்தா தோஹாவில் இருக்கிறாள். மாப்பிள்ளை விஜயராஜுக்கு அங்கே வேலை. பேத்தி நிவிஷாவும் அங்கேதான் பிறந்தாள். பிரசவத்துக்கு ஆவுடைத்தாய் போய் இருந்துவிட்டு வந்தார். தங்கப்பழம் தராசை விட்டு நகரவில்லை. ஆகவே பேத்தியை அவர் பார்த்ததும், பேத்தி அவரைப் பார்த்ததும் வெள்ளிக்கிழமை வீடியோ காலில் மட்டும்தான். மாப்பிள்ளைக்கு அன்று லீவு. அந்தப் பிள்ளைக்குப் போனில் தெரிகிற ஆம்பிளை எல்லாமே தாத்தா. சோப்பு விளம்பரத்தில் வருகிறவனும் தாத்தா. ராயகிரியில் இருக்கிற இன்னொரு தாத்தாவும், அதாவது மாப்பிள்ளையின் அப்பா பேச்சிராஜும் தாத்தா. யாரையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பொம்மையைத் தேடிப் போய்விடும்.

புற்றுமண் பூசிய வாரம் வீடியோ கால் வந்தபோது தங்கப்பழத்தின் முகத்துக்குக் குறுக்கே, நெற்றியிலிருந்து கன்னம்வரை, மங்கலாக ஒரு செம்மண் நிறக் கோடு தெரிந்திருக்கிறது. கேமராவின் மேலே ஓடிய கீறல் அல்லவா. அப்பா என்ன இது என்று சுகிர்தா சிரித்தாள். நிவிஷா சிரிக்கவில்லை. கிட்டே வந்து, விரலை வைத்து, கோடு நெடுக இழுத்துப் பார்த்தாள். தாய் "கோடு" என்று சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை கோடு, தாத்தா இரண்டையும் சேர்த்து "கோத்தாத்தா" என்றது. அன்றைக்குப் பொம்மையைத் தேடிப் போகவில்லை. அடுத்த வாரம் அதுவாகவே போனைத் தூக்கிக்கொண்டு வந்து, கோத்தாத்தா வேண்டும் என்று கேட்டதாம்.

தங்கப்பழம் அந்தச் சொல்லை மார்க்கெட் முழுக்க விற்றார். விலை கேட்டு வந்தவனுக்கும் சொன்னார், விலாசம் கேட்டு வந்தவனுக்கும் சொன்னார். எனக்குத் தினமும் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ராயகிரிக்குப் போன் போட்டுச் சம்பந்தியிடமும் சொன்னார். பேச்சிராஜ் பளபளவென்று அகலமான புதுப் போன் வைத்திருக்கிற மனிதர். அதில் அவருடைய மீசையின் ஒவ்வொரு முடியும் தோஹாவில் தெரியும். இருந்தும் பேத்தி அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவருடைய மனக்குறை. முழுதும் கேட்டுவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சம்பந்தி, புள்ள கூப்பிடுதது போன்ல இருக்க கோட்ட. ஒங்கள இல்ல. லீவுக்கு வாராங்கள்லா, அப்பம் அந்தக் கோட்ட எங்கன போயித் தேடுவா?"

தங்கப்பழம் போனை வைத்துவிட்டார். அன்று பிற்பகல் முழுக்க மார்க்கெட்டில் என் காதுக்கு ஓய்வு. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் பேத்தியோடு முதல்முறையாக ஊருக்கு வரப்போவது உண்மைதான், டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. கோட்டோடு விட்டால் பிள்ளை நேரில் வந்து கோடில்லாத யாரோ ஒரு ஆளைப் பார்த்து அழும். இப்போதே கண்ணாடியை மாற்றினால் இப்போதே அழும், ஆனால் வருவதற்குள் முகம் பழகினாலும் பழகும். புதுப் போன் வாங்கினாலும் அதே கதைதான். மார்க்கெட்டில் நாங்கள் இரண்டு கட்சியாகக் கத்திக்கொண்டிருந்த விஷயத்தில், இப்படி ஒரு சிக்கல் இருக்கும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. அவர் மட்டும் தராசின் பக்கத்தில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தார். கோத்தாத்தா என்ற அந்த ஒற்றைச் சொல்லை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

முடிவைப் போனே எடுத்தது. உடைந்த கண்ணாடி தானாகவே தன்னைத் தொட்டுக்கொள்ள ஆரம்பித்தது. யாரும் அமுக்காமலே யாருக்காவது கால் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறை மாடத்தில் வைத்திருந்த போன் தானாக ராயகிரிக்கு வீடியோ கால் போட்டுவிட்டது. தலை நிறைய எண்ணெயும் இடுப்பில் துண்டுமாகத் தொடையைத் தட்டிக்கொண்டு தங்கப்பழம் பாடிய பாட்டைச் சம்பந்தி வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். பேச்சிராஜ் கடைசிவரை கட் பண்ணவில்லை.

மறுநாளே ராஜபாளையம் ரோட்டில் ஷாஜித் வைத்திருக்கிற செல்போன் சர்வீஸ் கடைக்குப் போனோம். துணைக்கு நான். ஷாஜித் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீறலை நகத்தால் சுரண்டி, வந்த தூளை முகர்ந்தும் பார்த்தான். இது என்ன மண் என்று கேட்டான். தங்கப்பழம் சொன்னார். எத்தனையோ போன் பார்த்திருக்கிறேன், சாமி கும்பிட்டு வந்த போனை இன்றுதான் பார்க்கிறேன் என்றான். பிறகு தொழிலுக்கு வந்தான். டிஸ்ப்ளே மாற்றினால் ஓடும், ஆனால் போனுக்கு வயதாகிவிட்டது, இதற்குச் செய்கிற செலவைப் புதுசில் போடலாம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். நான் வெற்றிப் பார்வை பார்த்தேன்.

தங்கப்பழம் மேஜையில் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டார். "தம்பி, இந்தக் கோட்ட மட்டும் அப்படியே விட்டுட்டு மத்தத மாத்த முடியுமா?"

ஷாஜித் என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய போன் கவர்களைப் பார்த்தேன். விஷயத்தை அவரே சொன்னார், பேத்தி, வெள்ளிக்கிழமை, கோத்தாத்தா எல்லாவற்றையும். கேட்டு முடித்தபோது பயல் கேலி பேசவில்லை. முடியாது அண்ணாச்சி என்று மட்டும் சொன்னான்.

கடைக்கு வெளியே வந்து யோசித்தார். எப்படியும் கோடு போகப்போகிறது, அப்படியானால் புதுசே வாங்கும் என்று நான் சொன்னேன். வேண்டாம், இந்தப் போனில்தான் பேத்தி தன்னைப் பார்த்திருக்கிறாள் என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பேத்தி பார்த்தது தன் அம்மாவுடைய போனை, உமது கையில் இருப்பது எந்தப் போன் என்று அந்தப் பச்சைப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்டேன்.

"அவளுக்குத் தெரியாது வே. எனக்குத் தெரியும்லா."

டிஸ்ப்ளேயை மாற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தோம். புதுசுக் கட்சி தோற்றது.

அந்த வெள்ளிக்கிழமை தெளிவாகத் தெரிந்த முகத்தை நிவிஷா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாளாம். பிறகு போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாளாம். அங்கேயும் கோத்தாத்தா இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கி அழுதுவிட்டாள். அடுத்த வாரம் போன் பக்கமே வரவில்லை. தங்கப்பழம் புதுக் கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தார். பிள்ளையின் அழுகை கூடியது. பழைய கண்ணாடியைத் திரும்ப மாட்டித் தா என்று ஷாஜித்திடம் போய் நின்றார். கழற்றும்போதே அது தூள்தூளாகி, கழிவு மூட்டையோடு போய்விட்டிருந்தது. மார்க்கெட்டில் அவர் விலை சொன்ன குரலுக்கு எதிர்க்கடையில் இருந்த நானே, என்ன, என்ன என்று கேட்க வேண்டியதாயிற்று. பாவமாக இருந்தது. ஒரு கீறலுக்காக ஒருவர் இப்படிச் சோர்ந்துபோவார் என்று சொன்னால் நானே நம்பியிருக்கமாட்டேன்.

அவர்கள் வந்து இறங்கிய அன்று, விருந்துக்கு வாழையிலைக் கட்டு கொடுக்கிற சாக்கில் நானும் அந்த வீட்டில் இருந்தேன். பேச்சிராஜ் காலையிலேயே ராயகிரியிலிருந்து வந்துவிட்டார். அமுக்கினால் சிறகடித்துக் கத்துகிற பேட்டரிக் கிளி ஒன்றும் வைத்திருந்தார். கார் வந்து நின்றதும் முதல் ஆளாக முன்னால் போய் அதை அமுக்கினார். பிள்ளை வீறிட்டுத் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கிளியை நிறுத்தத் தெரியாமல் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அது உள்ளேயிருந்து கத்தியது.

அடுத்து தங்கப்பழம். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கையை நீட்டினார். சுகிர்தா பிள்ளையின் மோவாயைத் திருப்பி, தாத்தாடி பாரு என்றாள். நிவிஷா பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு முகத்தை மறுபடியும் புதைத்துக்கொண்டாள். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் சட்டைப் பையைத் தடவினார். சுற்றி நின்ற எல்லாரும் பயணக் களைப்பைப் பற்றி அவசரமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

ஆவுடைத்தாய் மட்டும் விறுவிறுவென்று உள்ளே போனார். வரும்போது உள்ளங்கையில் குழைத்த புற்றுமண் இருந்தது. "குனிங்க," என்றார் புருஷனிடம்.

சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கிறார், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார். தங்கப்பழம் ஒன்றும் கேட்காமல் குனிந்தார். ஆவுடைத்தாய் நடுவிரலால் நெற்றியின் ஓரத்தில் ஆரம்பித்து, புருவத்தைக் கடந்து, மூக்கைத் தாண்டி, மறு கன்னம்வரை சாய்வாக ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாழையிலைக் கட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பிள்ளை ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தது. இறக்கிவிடச் சொல்லிக் காலை உதைத்தது. தரையில் இறங்கி, குனிந்தபடியே நின்ற தங்கப்பழத்தின் முன்னால் வந்து, விரலை நெற்றியில் வைத்து, கோடு நெடுகக் கன்னம்வரை இழுத்தது. விரலில் ஒட்டிய மண்ணைப் பார்த்தது. கண்ணாடிக்கு மேலே இழுத்த நாளில் எல்லாம் இப்படி ஒட்டியதில்லை அல்லவா. மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு, "கோத்தாத்தா" என்று சொல்லி, அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டது. வெள்ளைச் சட்டை முழுக்க மண். அவர் நிமிரவே இல்லை. முதுகு வலித்திருக்கும். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. இலைக்கட்டு இன்னும் முகத்துக்கு முன்னால் இருந்தது நல்லதாகப் போயிற்று.

சற்று நேரம் கழித்து, அடுக்களை வாசலில் பேச்சிராஜின் குரல் தாழ்வாகக் கேட்டது. "சம்பந்தியம்மா, அந்த மண்ணு இன்னும் கொஞ்சம் கெடக்கா?"

லீவு முடிகிறவரை தங்கப்பழம் முகத்தில் கோட்டோடுதான் மார்க்கெட்டுக்கு வந்தார். எந்தக் கோயிலுக்கு நேர்ச்சை என்று பூ கொண்டுவந்த திருவேங்கடம் ஊர்க்காரர்கள் பயபக்தியோடு கேட்டார்கள். கணேசன் மட்டும், இந்தக் கோடும் எடையில் சேருமா என்று கேட்டுவிட்டு மூட்டையை இறக்கினான். ஒரு நாள் நல்ல மழை. நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனவரை வாசலிலேயே ஓடிவந்து பிள்ளை கட்டிக்கொண்டது. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் முகத்தில் கோடு இல்லை என்பதே அவருக்குத் தெரிந்ததாம். மறுநாளும் பூசிக்கொண்டுதான் வந்தார். இனிமேல் எதற்கு என்று கேட்டேன். பழகிவிட்டது என்றார்.

மாப்பிள்ளை மாமனாருக்கென்று ஒரு புதுப் போன் கொண்டுவந்திருந்தார். மாமனார் அதைத் தொடவில்லை. ஆவுடைத்தாய் நன்றி சொல்லி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு முகூர்த்த நாள் கூட்டம். தங்கப்பழம் வீட்டுக்குப் போக முடியாமல் கடையிலேயே வீடியோ காலை எடுத்தார். நான் விசாரிக்கிற மாதிரி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். நிவிஷாவின் முகம் வந்தது. அந்த முகத்துக்குக் குறுக்கே, நெற்றியிலிருந்து கன்னம்வரை, சாய்வாக ஒரு கறுப்புக் கோடு.

தங்கப்பழம், மாற்றின கண்ணாடியும் போச்சா என்று ஷாஜித்தைத் திட்டிக்கொண்டே, தோள் துண்டை எடுத்துப் போனைத் துடைத்தார். கோடு போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். போகவில்லை.

தோஹாவிலிருந்து சுகிர்தா சிரிப்பது கேட்டது. "யப்பா, தொடைக்காதீங்க. கோடு போன்ல இல்ல, அவ மூஞ்சில இருக்கு. என் மைப்பென்சில எடுத்து அவளே போட்டுக்கிட்டா. கோத்தாத்தாட்ட பேசணும்னா கோடு வேணுமாம்."

துண்டு அதற்குப் பிறகும் அவர் கையை விட்டு இறங்கவில்லை. போனிலிருந்து நகர்ந்து கண்ணுக்குப் போயிற்று. நான் என் கடைக்குத் திரும்பி வந்து, வாங்க ஆள் நிற்கும்போதே வாழைநாரை ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டிருந்தேன்.